மலையேறும் காருக்கு எந்த அளவு டர்போ?

டர்போ தெரிவு பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் முக்கால்வாசி, கடல் மட்டத்தில் நேரான வீதியில் ஓடும் கார்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. எஞ்சின் இத்தனை சிசி, வேண்டிய குதிரைவலு இத்தனை, அப்படியானால் இந்த டர்போ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ கார் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி போதாது. இங்கே இரண்டு விஷயங்கள் கணக்கைக் கலைத்துவிடுகின்றன. ஒன்று, காற்று மெலிந்தது. இன்னொன்று, வீதி முழுக்க முடக்குகள், அதாவது கொண்டையூசி மாதிரித் திரும்பும் வளைவுகள். அதனால் எஞ்சின் பெரும்பாலான நேரம் குறைந்த சுற்றிலேயே உழைக்கிறது. மெலிந்த காற்று பெரிய டர்போவைக் கேட்கிறது, முடக்கு சின்ன டர்போவைக் கேட்கிறது. மலையகத்தில் டர்போ தெரிவு செய்வது இந்த இரண்டுக்கும் நடுவே பேரம் பேசுகிற வேலை.

கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம் பஞ்சிகாவத்தை. லான்சர் காரின் பந்தய வகை எவோ. கராஜ்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணே, பஞ்சிகாவத்தையில ஒரு எவோ டர்போ மலிவா வந்திருக்கு. நம்ம 1500 லான்சருக்குப் போட்டா எப்படி இருக்கும்?" விஷயம் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் சொல்லக்கூடிய பதிலும் ஏறக்குறைய தெரிந்ததுதான். "போடலாம் தம்பி. ஆனா அது கண்ணு முழிக்கிறதுக்குள்ள நீ அடுத்த முடக்குக்கு பிரேக் அடிச்சிருப்பே." பதில் சரி. ஏன் சரி என்பதை எண்களோடு பார்த்தால்தான் எவோ டர்போ வேண்டாம் என்றால் எது வேண்டும் என்பதும் தெரியும்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான எக்ஸோஸ்ட் வாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சின்ன டர்போக்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 இலட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். உள்ளே போகும் காற்றின் எடை கூடினால் எரிக்கக்கூடிய பெற்றோலும் கூடும், வலுவும் கூடும். அவ்வளவுதான் தத்துவம். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃப்ரெட் பியூஹி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

டர்போவுக்கும் மலைக்கும் உள்ள உறவு பழையது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் விமான எஞ்சின்கள் உயரத்தில் மூச்சுத் திணறின. 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மொஸ் என்ற பொறியியலாளர் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லொறியில் ஏற்றி, சுமார் 4300 மீற்றர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரைவலு தந்த எஞ்சின் மேலே 230 மட்டுமே தந்தது. டர்போவை இணைத்ததும் 356 வந்தது. இன்று டர்போ என்றதும் எல்லோரும் வேகத்தை நினைக்கிறார்கள். அன்று அது உயரத்தில் இழந்ததைத் திருப்பிப் பிடிக்கும் கருவியாகத்தான் தன்னை நிரூபித்தது. மலையகத்துக்காரர்கள் டர்போவை இந்தக் கோணத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாலே பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

நுவரெலியாவில் காற்று எவ்வளவு மெலிந்தது?

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்தின் மேல் 14.7 இறாத்தல். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், அங்கே ஏறக்குறைய 13.9. ஹட்டன் 1270 மீற்றர் அளவில் இருக்கிறது, அங்கே 12.6. நுவரெலியா 1868 மீற்றர், அங்கே 11.7 மட்டுமே. அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நுவரெலியாவின் குளிர் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது. 16 பாகையில் இருக்கும் காற்று 29 பாகைக் கொழும்புக் காற்றைவிட அடர்த்தியானது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கன மீற்றர் காற்று கொழும்பில் 1.17 கிலோ, நுவரெலியாவில் 0.97 கிலோ. டர்போ இல்லாத 105 குதிரைவலு எஞ்சின் ஒன்று நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது 87 குதிரைவலு எஞ்சினாகிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டில் கார் இழுக்கவில்லை என்று கிளட்சையும் பிளக்கையும் மாற்றிப் பார்ப்பவர்கள் இந்த எண்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி டர்போ தெரிவின் மையமான எண்ணுக்கு வரலாம்: அழுத்த விகிதம். கம்ப்ரசருக்குப் பின்னால் இருக்கும் மொத்த அழுத்தத்தை முன்னால் இருக்கும் அழுத்தத்தால் வகுத்தால் வருவது. பூஸ்ட் கேஜில் தெரியும் எண் வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டுமே காட்டும், ஆகவே அதோடு வெளியழுத்தத்தையும் கூட்ட வேண்டும். கொழும்பில் 10 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் மொத்தம் 24.7. அதை 14.7ஆல் வகுத்தால் விகிதம் 1.68. சின்ன டர்போவுக்கு இது சுலபமான வேலை.

அதே 24.7 நுவரெலியாவிலும் வேண்டுமா? அங்கே பூஸ்ட் 13 பிஎஸ்ஐ தேவை. விகிதம் 24.7 கீழ் 11.7, அதாவது 2.11. எஞ்சினுக்குக் கிடைப்பது அதே அழுத்தம்தான். கம்ப்ரசருக்கோ வேலை இன்னும் கடினமாகிவிட்டது, தண்டு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். காற்று வடிகட்டியில் அரை பிஎஸ்ஐ இழப்பு இருந்தால், அடைபட்ட வடிகட்டியில் அது தாராளமாக இருக்கும், விகிதம் 2.2ஐயும் தாண்டும். தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் தினமும் ஓடும் வண்டிக்கு வடிகட்டியைத் துப்புரவாக வைத்திருப்பது டர்போவின் ஆயுளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

சூடு இன்னொரு பக்கம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். கம்ப்ரசரின் திறன் 72 சதவீதம் என்று வைத்தால், கொழும்பில் 29 பாகையில் உள்ளே போகும் காற்று 95 பாகையில் வெளியே வரும். நுவரெலியாவில் 16 பாகையில் போகும் காற்று 110இல் வரும். வெளியே ஸ்வெட்டர் போடும் குளிர், கம்ப்ரசர் வாயில் கொழும்பைவிடச் சூடு! டர்போ மிகச் சின்னதாக இருந்து திறன் 60 சதவீதத்துக்கு இறங்கினால் அதே காற்று 130 பாகையை எட்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிக்கும் நொக்கிங்கையும் அழைத்து வரும். கேஜில் பூஸ்ட் காட்டும், காரில் இழுவை இருக்காது.

ஒரு 1500 எஞ்சினை வைத்துக் கணக்கு

நம் பக்கத்தில் அதிகம் கைவைக்கப்படுபவை 1300, 1500 பெற்றோல் எஞ்சின்கள்தான். ஆகவே ஒரு 1.5 லீற்றர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 6000 சுற்று வரை ஓட்டுகிறோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவை உள்ளிழுக்கும், ஆகவே நிமிடத்துக்கு 4500 லீற்றர். சிலிண்டர் நூற்றுக்கு நூறு நிரம்பாது, 90 சதவீதம் என்று எடுத்தால் 4050 லீற்றர். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின் 50 பாகை, மொத்த அழுத்தம் 24.7 பிஎஸ்ஐ என்ற நிலையில் ஒரு கன மீற்றர் காற்றின் எடை 1.84 கிலோ. பெருக்கினால் நிமிடத்துக்கு 7.4 கிலோ. டர்போ உற்பத்தியாளர்களின் வரைபடங்கள் இன்னும் இறாத்தலில்தான் பேசுகின்றன, ஆகவே 16.4 இறாத்தல். ஒரு இறாத்தல் காற்றுக்குச் சுமார் 10 குதிரைவலு என்பது பெற்றோல் எஞ்சினுக்குப் பொதுவாகப் பிடிக்கும் தோராயம். அப்படியானால் 160 குதிரைவலு அளவில் எதிர்பார்க்கலாம். 105 குதிரைவலுவுடன் வந்த எஞ்சினுக்கு இதுவே பெரிய பாய்ச்சல். பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் அதற்கேற்ப வேண்டும். நான்கு இன்ஜெக்டருக்கும் தலா நிமிடத்துக்குச் சுமார் 315 சிசி என்று கணக்கு வரும். கம்பனி இன்ஜெக்டர் அதற்குப் போதாது.

இப்போது உற்பத்தியாளரின் அந்த வரைபடத்தை, அதாவது கம்ப்ரசர் மேப்பை எடுங்கள். கிடையாக நிமிடத்துக்கு எத்தனை இறாத்தல் காற்று, செங்குத்தாக அழுத்த விகிதம். நடுவில் தீவுகள் மாதிரி வட்டங்கள், உள்வட்டத்தில் திறன் அதிகம். இடப்பக்கம் சர்ஜ் கோடு. அதைத் தாண்டினால் காற்று முன்னுக்குப் போக முடியாமல் பின்வாங்கி அடிக்கும், தண்டின் பேரிங் சீக்கிரம் கெடும். வலப்பக்கம் சோக் எல்லை. அங்கே சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அதற்கு மேல் காற்று போகாது.

கொழும்பில் நம் காரின் புள்ளி 16.4 இறாத்தல், 1.68 விகிதம். அதே கார் நுவரெலியாவில் அதே எடைக் காற்றை இழுக்க வேண்டுமானால் புள்ளி எங்கே போகும்? மேப் ஒரு நிலையான வெளியழுத்தத்துக்கு வரையப்பட்டது. மெலிந்த காற்றில் அதே எடைக்கு அதிகக் கன அளவு தேவை என்பதால், கணக்கைத் திருத்தினால் மேப்பில் 20 இறாத்தலுக்கு மேலே போய் நிற்கும். விகிதம் 2.11. புள்ளி வலப்பக்கமும் மேலேயும் ஒரே நேரத்தில் நகர்ந்துவிட்டது. கொழும்பில் தீவின் நடுவில் சொகுசாக ஓடிய சின்ன டர்போ, இங்கே மேப்பின் வெளிவிளிம்பில், தண்டு வேகத்தின் எல்லையில் ஓடும். மெலிந்த காற்று பெரிய டர்போ கேட்கிறது என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான். இதை மட்டும் பார்த்தால் எவோ டர்போ நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும்.

முடக்கு சொல்லும் மறுபக்கம்

கம்பளையிலிருந்து புசல்லாவ, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா போகும் ஏ5 வீதியை நினைத்துப் பாருங்கள். றம்பொடைக்கு மேலே முடக்குக்கு மேல் முடக்கு. முன்னால் ஒரு பஸ்ஸோ கொழுந்து லொறியோ இல்லாவிட்டாலும் முடக்கில் வேகம் 25, 30 கிலோமீற்றரைத் தாண்டாது. சாதாரண 1500 காரில் இரண்டாம் கியரில் 30 கிலோமீற்றர் என்றால் எஞ்சின் சுமார் 2200 சுற்றில் இருக்கும். முடக்கிலிருந்து வெளியே வந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இழுவை வேண்டியது அந்த 2200இலிருந்து. 3000 சுற்று வரும்போது வேகம் 41. 4000 வரும்போது 55. அந்த 55ஐ எட்டுவதற்குள் அடுத்த முடக்கு வந்துவிடும்.

எவோவின் டர்போ டிடி05 வகை. ஜப்பானில் 280 குதிரைவலு என்று விற்கப்பட்ட 2 லீற்றர் எஞ்சினுக்காகச் செய்தது. 1.5 லீற்றர் எஞ்சினின் எக்ஸோஸ்ட் அந்த டர்பைனை 4000க்கு முன் உருப்படியாகச் சுழற்றாது. அதுவும் நுவரெலியாவில் பூஸ்ட் வருவதற்கு முந்திய நிலையில் எஞ்சின் விழுங்கும் காற்றே குறைவு, எக்ஸோஸ்டும் குறைவு. கொழும்பில் பூஸ்ட் எழும் சுற்றைவிட மேலே சில நூறு சுற்று தள்ளித்தான் எழும். ஆகவே மலையேறும் முழு நேரமும் அந்த டர்போ எக்ஸோஸ்ட் வழியில் செருகிய ஒரு அடைப்பு. முன்பிருந்த எஞ்சினைவிட மோசம். நேர்ப் பகுதி கிடைத்து அது திடீரென்று எழும்பினால், மழையில் நனைந்த ஒடுக்கமான வீதியில் முன்சக்கரங்கள் வழுக்கும். இப்படிப்பட்ட கார் ஒன்றை மூடுபனியில் ஓட்டுவதில் எந்தச் சுகமும் இல்லை.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் நடக்கும் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு "அவர்கள் போட்டிருக்கிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. போட்டி வீதி மூடிய வீதி. ஓட்டுநர் சுற்றைக் கீழே இறங்கவே விடமாட்டார், கியர் விகிதங்களும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்கும், ஓட்டம் முடிந்ததும் கார் டிரெய்லரில் ஏறிப் போய்விடும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டவுனுக்குப் போகும் காருக்கு அது அளவுகோல் ஆகாது. 660 சிசி சின்ன எஞ்சினும் சின்ன டர்போவும் உள்ள ஜப்பானியக் கெய் கார்களைத்தான் நான் உதாரணமாகக் காட்டுவேன். ஜப்பானில் அவற்றுக்கு 64 குதிரைவலு எல்லை. அந்த 64ஐ வைத்துக்கொண்டே அவை மேட்டில் தம் அளவுக்கு மீறி இழுக்கின்றன. காரணம், இழுவை 3000 சுற்றிலேயே முழுதாக வந்துவிடுவது.

அப்புறம் எதைப் போடுவது?

பேரத்தின் தீர்வு, டர்போவை ஒரே பொருளாகப் பார்க்காமல் கம்ப்ரசரையும் டர்பைனையும் தனித்தனியாகப் பார்ப்பதில் இருக்கிறது. டர்பைன் பக்கம் முடக்குக்கு ஏற்றபடி சின்னதாக இருக்கட்டும். கம்ப்ரசர் பக்கம், கடல் மட்டக் கணக்கு சொல்வதைவிட ஒரு படி பெரிதாக இருக்கட்டும். ஒரு படிதான், இரண்டு படி அல்ல.

டர்பைன் கூட்டின் மேல் ஏ/ஆர் என்று ஒரு எண் அடித்திருக்கும். கூட்டின் வழியின் பரப்பை, மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் வகுத்த எண். எண் சிறிதாக இருந்தால் வழி ஒடுக்கம். குழாய் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிடுவது போல, வாயு வேகமெடுத்து டர்பைனைச் சீக்கிரம் சுழற்றும். உயர் சுற்றில் அதே ஒடுக்கம் எஞ்சினின் கழுத்தைப் பிடிக்கும். காரெட் நிறுவனத்தின் ஜிடி28 வகை டர்போவுக்கு 0.64, 0.86 என்ற கூடுகள் கிடைக்கின்றன. மலைக்கு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டுமானால் யோசிக்காமல் சிறியது. உயரத்தில் ஒரு சின்ன அனுகூலமும் இருக்கிறது: வெளியழுத்தம் குறைவு என்பதால் டர்பைனுக்குப் பின்னால் எதிர்ப்பும் குறைவு, பூஸ்ட் ஒருமுறை எழும்பிவிட்டால் டர்பைன் கொழும்பைவிடச் சுறுசுறுப்பாக உழைக்கும்.

ஏன் கம்ப்ரசரில் இரண்டு படி கூடாது? சர்ஜ். நம் 1500 எஞ்சின் 3000 சுற்றில் முழு பூஸ்டில் இருந்தால் மேப்பில் 10 இறாத்தலை ஒட்டி, 2.1 விகிதத்தில் நிற்கும். 35, 40 இறாத்தல் தள்ளக்கூடிய பெரிய சக்கரத்துக்கு அந்தப் புள்ளி சர்ஜ் கோட்டின் மேலேயோ அதற்கு இடப்பக்கமோதான் விழும். சின்ன டர்பைனோடு மிகப் பெரிய கம்ப்ரசரைக் கோத்து "ஹைபிரிட்" என்று விற்கும் டர்போக்களில் மலையேறும்போது கேட்கும் அந்தப் படபடப்புச் சத்தத்தை சிலர் ரசிக்கிறார்கள். உயர் கியரில் குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து வைத்திருக்கும்போது அந்தச் சத்தம் வந்தால் அது பேரிங் தேயும் சத்தம்.

சந்தையில் கிடைப்பவற்றை வைத்துச் சொன்னால், கெய் கார்களில் வரும் ஐஎச்ஐ ஆர்எச்பி31 மாதிரியானவை 1500க்கு மிகச் சின்னவை. டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடியின் 1.3 லீற்றர், 135 குதிரைவலு எஞ்சினோடு வந்த சிடி9 அருமையாகச் சீக்கிரம் எழும்பும். கொழும்பில் நம் 160 குதிரைவலு இலக்கு அதற்கு விளிம்பு. நுவரெலியாவில் 13 பிஎஸ்ஐ கேட்டால் விளிம்புக்கு வெளியே. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் 2 லீற்றரில் வந்த டிடி04எல் காற்றுக் கணக்குக்கு மேலேயும் தாராளமாகப் போதும், ஆனால் 1500இல் முழு பூஸ்ட் வர 3500 சுற்று அளவாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஐஎச்ஐ ஆர்எச்எஃப்4, காரெட் ஜிடி17 வகைகள் இருக்கின்றன. என் தெரிவு இந்த நடு வரிசை. ஒரே பெயரில் பல சக்கர அளவுகள் வருவதால் தட்டில் உள்ள முழு இலக்கத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது வைக்க வேண்டிய அளவுகோல் எளிது: நுவரெலியா உயரத்தில், இரண்டாம் கியரில் 2500 சுற்றில் பாதி பூஸ்ட், 3000 தாண்டும்போது முழு பூஸ்ட். இதற்குப் பிந்தி வருகிற எதுவும் இந்த வீதிகளுக்குப் பெரியது.

எக்ஸோஸ்ட் வாயுவை இரண்டு தனி வழிகளில் டர்பைனுக்கு விடும் டுவின் ஸ்க்ரோல் வகை கிடைத்தால் குறைந்த சுற்றில் நல்ல பலன் உண்டு, அதற்கேற்ற மேனிஃபோல்ட் செய்யும் செலவும் உண்டு. இதழ்கள் அசையும் விஜிடி வகை டீசலுக்குச் சரி. பெற்றோல் எஞ்சினின் எக்ஸோஸ்ட் சூட்டில் டீசல் விஜிடியைப் போட்டால் இதழ்கள் இறுகிப்போகும்.

கீழே இறங்கும்போது உடையும் எஞ்சின்

மலையகத்தில் டர்போ போடுபவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. பூஸ்ட் எல்லை மீறாதபடி எக்ஸோஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட். சாதாரண வேஸ்ட்கேட் ஒரு ஸ்பிரிங்கால் இயங்குகிறது. அந்த ஸ்பிரிங்கின் ஒரு பக்கம் பூஸ்ட், மறுபக்கம் வெளிக்காற்று. ஆகவே அது கட்டுப்படுத்துவது கேஜில் தெரியும் பூஸ்டை, மொத்த அழுத்தத்தை அல்ல. நுவரெலியாவில் ஓட்டிப் பார்த்து 13 பிஎஸ்ஐக்கு வைத்து டியூன் பண்ணினால் மொத்தம் 24.7. எஞ்சின் சந்தோஷமாக ஓடும். அதே கார் கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கினால்? ஸ்பிரிங் அதே 13ஐத்தான் தரும். வெளியழுத்தம் 14.7, மொத்தம் 27.7. உள்ளே போகும் காற்றும் மேலே இருந்ததைவிட 13 பாகை கூடுதல் சூடு. டர்போ இல்லாமல் வந்த எஞ்சினின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) பெரும்பாலும் 9.5ஐ ஒட்டி இருக்கும். அதில் 92 ஒக்டேன் பெற்றோல். நொக்கிங் தொடங்கி, பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு உடைந்து, வண்டி வீதியோரத்தில் நிற்கும். டியூன் பண்ணிய நாளில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

அதனால் ஸ்பிரிங்கைக் கொழும்புக்கு ஏற்றபடி 10 பிஎஸ்ஐக்கு வையுங்கள். மேலே அதே 10 பிஎஸ்ஐயில் மொத்தம் 21.7, வலு சுமார் 140. டர்போ இல்லாதபோது அதே உயரத்தில் 87 இருந்தது என்பதை நினைத்தால் இது குறை சொல்லும் எண் அல்ல. டர்போவும் மேப்பின் நடுவில் நிம்மதியாக இருக்கும். இந்த வழியைத்தான் பெரும்பாலானோருக்குச் சொல்வேன். முழு 160ஐயும் மேலேயும் எடுக்க வேண்டுமானால் மொத்த அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சரும் அதை வைத்து பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஈசியூவும் (எஞ்சின் கணினி) வேண்டும். அந்த ஈசியூவில் உயரத்துக்கு ஏற்ற உச்ச வரம்பும் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வழியில், பட்டிப்பொலவைத் தாண்டி 2000 மீற்றருக்கு மேலே, ஈசியூ இலக்கைப் பிடிக்கப் பார்த்து டர்போவை எல்லை தாண்டி விரட்டும். 95 ஒக்டேன் போடுவது கூடுதல் காப்பு. தவறான டியூனை அது சரிசெய்துவிடாது.

தோட்டங்களில் ஓடும் பழைய டீசல்களுக்குக் கதை வேறு, கொஞ்சம் எளிது. டொயோட்டா டொல்பின் வேனின் 2.8 லீற்றர் 3எல் எஞ்சின் மாதிரி டர்போ இல்லாத டீசல்கள் மேட்டில் கரும்புகை தள்ளுவதற்குக் காரணம், பம்ப் கொழும்புக்கான அளவு டீசலை ஊற்ற, எரிக்கக் காற்று போதாமல் போவது. இங்கே முதல் 3 பிஎஸ்ஐ பூஸ்ட் இழந்த காற்றைத் திருப்பித் தருவதற்கே சரி. 7 பிஎஸ்ஐ போதும், டீசலைக் கூட்டாமல் விட்டாலே புகை குறைந்து இழுவை கூடும். நுவரெலியாவில் 7 என்றால் விகிதம் 1.6 மட்டுமே. மிட்சுபிஷியின் 4டி56 டீசல் எஞ்சினில் வரும் டிடி04, டொயோட்டாவின் 2எல்-டியில் வரும் சிடி20 அளவு பொருந்தும். பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டினால் எக்ஸோஸ்ட் சூட்டுக்கு ஒரு கேஜ் கட்டாயம். டர்போவுக்கு முன் 700 பாகையைத் தாண்ட விடக் கூடாது. நீண்ட ஏற்றத்தில், 30 கிலோமீற்றர் வேகத்தில், ரேடியேட்டருக்கே காற்று போதாமல் உழைக்கும் எஞ்சின் அது. புகை கூடினால் வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் நிற்பீர்கள்.

ஏற்றம் நீளமானது, வேகம் குறைவு என்பது பெற்றோல் காருக்கும் பொருந்தும். பெரிய இன்டர்கூலரைவிடக் காற்று நேராகப் படும் இடத்தில் உள்ள நடுத்தர இன்டர்கூலர் மேல். ஏறி வந்து நிறுத்தியதும் எஞ்சினை அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லில் விடுங்கள். அணைத்தால் ஒயில் ஓட்டம் நின்று, டர்போ பேரிங்கில் தங்கிய ஒயில் கருகிப் படியும். ஜனவரி, பெப்ரவரியில் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும் காலையில் எதிர்ப்பக்கத் தொல்லை: ஒயில் தடித்திருக்கும், சூடேறும்வரை பூஸ்ட் வேண்டாம். பிரேக் பேடும் கிளட்சும் புதிய வலுவுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எஞ்சினையே மாற்றினால் எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவதையும் காப்புறுதிக்குத் தெரிவிப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய டர்போதான் வாங்குவதென்றால் கடையிலேயே கையில் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசர் பக்க நட்டை இரண்டு விரலால் பிடித்து, தண்டை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். அந்தத் திசையில் அசைவு கையில் தட்டவே கூடாது. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், ஒயில் அழுத்தம் இல்லாத டர்போவில் அது இயல்பு. ஆட்டும்போது சக்கரத்தின் நுனி கூட்டில் உரசினால் வைத்துவிடுங்கள். டோர்ச் அடித்து இதழ்களின் நுனியைப் பாருங்கள். கூர் மழுங்கியிருந்தால் வடிகட்டி இல்லாமல் மண்ணை உறிஞ்சியிருக்கிறது. டர்பைன் கூட்டில் வெடிப்பு, ஒயில் உள்ளே வரும் துளையில் கருகிய கட்டி, இவை இரண்டும் சூட்டில் அணைத்து அணைத்துப் பாவித்ததன் அடையாளம். பொருத்தும்போது ஒயில் திரும்பும் குழாய் எங்கேயும் வளைந்து தொங்காமல், எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பை நோக்கி நேராக இறங்க வேண்டும், சம்பில் அது சேரும் துளையும் ஒயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நல்ல டர்போவும் இந்த ஒரு குழாயால் புகை கக்கும், பழி டர்போவின் மேல் விழும்.